மூன்று அடுப்பில் ஒரே காப்பி

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். அங்கே ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். பை நிறைய துவைக்க வேண்டிய துணி, அதற்கு நடுவில் துண்டில் சுற்றிய ஒரு ரிஸ்க்-ஃபைவ் (ஒரு புராசசர் வகை) போர்டு. ஆல்பேட்டை செக்போஸ்டில் பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் வழக்கம்போல் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் துழாவியிருக்கிறார். துண்டுக்குள் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டதாம். பிரித்துப் பார்த்தால் சர்க்யூட் போர்டு. "கம்ப்யூட்டர் சார்" என்றிருக்கிறான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நம்பாமலே இறங்கிப் போனாராம்.

வீட்டுக்குள் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல், "மாமா, உங்க கர்னல்ல காப்பி சரியா ஆகல, கடைசில குப்பை வருது" என்றான். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "ஏன்டா, பால் திரிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

"அந்தக் காப்பி இல்ல ஆயா."

உங்களில் சிலருக்குத் தெரியும், நாலைந்து வருடமாக ஓய்வு நேரத்தில் ஒரு சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம் கர்னல், அதாவது ஹார்டுவேருக்கும் புரோகிராம்களுக்கும் நடுவே நிற்கும் மையப் பகுதி, எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர் கெடிலம். எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே ஓடுகிற ஆறுதான், ஓடுகிற என்று சொல்வதே மரியாதைக்குத்தான், மழைக்காலத்தில் மட்டும் வீரம் காட்டும், மற்ற நாளில் மணல். என் கர்னலும் அப்படித்தான், எப்போதாவது ஓடும். முதலில் எக்ஸ்86-64க்கு எழுதினேன். அப்புறம் ராஸ்பெர்ரி பை ஒன்று கைக்கு வந்ததும் ஆர்ம்64. பிறகு இவன் தொல்லை தாங்காமல் ரிஸ்க்-ஃபைவ். மூன்று புராசசர், மூன்று ஃபோல்டர். ஒவ்வொரு முறையும் நான் செய்தது ஒன்றுதான்: பழைய ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து, அசெம்பிளி வரிகளை (அந்தந்தப் புராசசரின் சொந்த மொழியில் எழுதியவை) மட்டும் மாற்றி, ஓடினால் போதும் என்று விட்டுவிட்டேன். இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அவன் காட்டிய குப்பை சுவாரசியமானது. அவன் எழுதிய சின்ன புரோகிராம் சீரியல் போர்ட்டில் தன் பெயரை எழுதச் சொல்லி கர்னலைக் கேட்கிறது. மெமரியைச் சம துண்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றும் ஒரு பேஜ். பெயர் இருக்கும் இடம் ஒரு பேஜின் கடைசியில் முடிகிறது, ஆனால் நீளத்தைத் தப்பாக 16 பைட் கூடுதலாகக் கொடுத்திருக்கிறான். அடுத்த பேஜ் இல்லவே இல்லை. நியாயமாக என்ன நடக்க வேண்டும்? பிழை என்று திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் திரையில் அவன் பெயர் வந்தது, அதன் பின்னாலேயே அதற்கு முன்பு ஓடிய வேறொரு புரோகிராமின் ஃபைல் பெயரின் வால் பகுதியும், ஒரு கர்னல் அட்ரஸ் போலத் தெரிந்த எட்டு பைட்டும் வந்தன. பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. கர்னலின் தற்காலிக வேலை இடமான ஸ்டாக்கில் இருந்த பழைய எச்சம் பயனர் கைக்குப் போகிறது என்றால் விளையாட்டு கர்னலாக இருந்தாலும் அது பாதுகாப்பு ஓட்டைதான்.

அதே புரோகிராமை எக்ஸ்86இல் ஓட்டினோம். பெயர், அதன் பின் 16 வெற்றுப் பைட். ஆர்ம்64இலும் அப்படியே. ரிஸ்க்-ஃபைவில் மட்டும் குப்பை.

கர்னல் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. பயனர் புரோகிராம் ஒரு பாயின்டரை, அதாவது ஒரு மெமரி அட்ரஸை, கொடுத்து "இங்கே இருப்பதை எடுத்துக்கொள்" என்று சொன்னால் கர்னல் அதை நம்பவே கூடாது. அந்த பாயின்டர் கர்னலின் சொந்த மெமரியையே காட்டலாம். நம்பி எடுத்தால் கர்னல் தன் ரகசியத்தைத் தானே எடுத்துக் கொடுத்ததாக ஆகும். ஒன்றுமே இல்லாத இடத்தைக் காட்டலாம், தொட்டால் ஃபால்ட், அதாவது புராசசர் அந்த வேலையை நிறுத்திவிட்டு கர்னலிடம் புகார் சொல்லும். அல்லது இருக்க வேண்டிய பேஜ் இன்னும் டிஸ்கிலிருந்து வராமல் இருக்கலாம். கொஞ்சம் காத்திருந்தால் கிடைத்துவிடும். லினக்ஸின் ஆரம்ப காலத்தில் வெரிஃபை_ஏரியா என்று ஒன்று இருந்தது, தொடுவதற்கு முன் பேஜ் பேஜாகப் போய் இருக்கிறதா என்று பார்க்கும். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை பாயின்டர் சரியாகத்தான் இருக்கும், அதற்காக ஒவ்வொரு தடவையும் நேரத்தை வீணடிக்க வேண்டுமா என்று லினக்ஸ் 2.1 பதிப்பு வரிசையில் முறையை மாற்றினார்கள். அட்ரஸ் பயனர் எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார், அது ஆக்சஸ்_ஓகே. அப்புறம் துணிந்து தொட்டுவிடு. ஃபால்ட் வந்தால், எந்த இன்ஸ்ட்ரக்‌ஷனில் வந்தது என்று ஒரு அட்டவணையில் தேடு. அதற்கு நேராக எங்கே தாவ வேண்டும் என்று எழுதியிருக்கும். எக்செப்ஷன் டேபிள் என்பார்கள். வழி தவறினால் மாற்றுப்பாதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிற வேலை, எனக்கு மிகப் பிடித்த தந்திரம்.

இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டிய ஃபங்ஷன்தான் காப்பி_ஃப்ரம்_யூசர். எதிர்த்திசைக்கு காப்பி_டு_யூசர். இதற்கு ஒரு வழக்கம் உண்டு, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில் ஒருமுறையாவது விழுவார்கள்: எத்தனை பைட் நகலாகவில்லையோ அந்த எண்ணிக்கையைத் திருப்பித் தரும். முழுக்க வந்துவிட்டால் 0. இன்னொரு வாக்குறுதியும் உண்டு. பாதியில் நின்றுவிட்டால் நகலாகாத மிச்ச இடத்தை கர்னல் பக்கத்தில் பூஜ்யத்தால் நிரப்பிவிட வேண்டும். திரும்பி வந்த எண்ணைப் பார்க்காத சோம்பேறி டிரைவர் (ஒரு கருவியை ஓட்டும் கர்னல் பகுதி) இருந்தால் என்ன செய்வது, அதற்கான காப்பு அது. என் சீரியல் டிரைவர் அந்தச் சோம்பேறிகளில் ஒன்று. எழுதியவன் நான்தான்.

அப்படியானால் எக்ஸ்86இல் பூஜ்யம் நிரப்பும் வரி இருந்தது, ஆர்மில் இருந்தது, ரிஸ்க்-ஃபைவில் இல்லை. ஏன் இல்லை என்று பழைய கமிட்களை (ஒவ்வொரு மாற்றத்தையும் குறிப்போடு சேமித்த பதிவுகள்) தோண்டினால் வெட்கக்கேடு. முதலில் மூன்றிலுமே இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் எக்ஸ்86இல் இதே பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறேன், அன்றே ஆர்மிலும் திருத்தியிருக்கிறேன், கமிட் செய்தியில் "ரிஸ்க்-ஃபைவ் நாளைக்கு" என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். அந்த நாளை போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது.

இதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் என்னவென்றால் லினக்ஸிலேயே இதே கதை நடந்திருக்கிறது, என்னைவிடப் பத்து மடங்கு பெரிய அளவில். 2016 செப்டம்பரில் லினக்ஸ் கர்னல் டெவலப்பர் அல் வைரோ வரிசையாகத் திருத்தங்கள் அனுப்பினார். மிப்ஸ் என்ற புராசசர் வகையில் பூஜ்யம் நிரப்பவில்லை, ஸ்பார்க் 32இல் இல்லை, ஓப்பன்ரிஸ்கில் தப்பு, பாரிஸ்கில் தப்பு, சூப்பர்ஹெச்சில் தப்பு, எல்லோரும் நகலெடுக்கும் பொதுவான மாதிரிக் கோப்பிலேயே தப்பு. ஒவ்வொரு புராசசர் வகையும் தனக்கென ஒரு காப்பி_ஃப்ரம்_யூசர் வைத்திருந்தது, ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பக்கத்து ஃபோல்டரைப் பார்த்து எழுதியது, பக்கத்து ஃபோல்டரில் அன்றைக்கு என்ன தப்பு இருந்ததோ அதுவும் சேர்ந்தே வந்துவிட்டது. அதே வருடம் லினக்ஸ் 4.8 பதிப்பில் ஹார்டன்ட் யூசர்காப்பி என்று ஒரு பாதுகாப்புச் சோதனை வந்தது. கர்னல் பக்கத்தில் நகலெடுக்கும் இடம் ஒரே பொருளுக்குள் (ஒன்றாக ஒதுக்கிய ஒரே மெமரித் துண்டுக்குள்) அடங்குகிறதா என்று பார்க்கும் ஒற்றை அழைப்பு, அவ்வளவுதான். அதைச் சேர்க்க எக்ஸ்86க்கு ஒரு திருத்தம், ஆர்முக்கு ஒன்று, ஆர்ம்64க்கு ஒன்று, பவர்பிசிக்கு ஒன்று, ஸ்பார்க்குக்கு ஒன்று என்று வீடு வீடாகப் பத்திரிகை வைக்கிற மாதிரி போக வேண்டியிருந்தது. சொல்லப்படாத வீட்டுக்குச் சோதனை இல்லை.

இதைவிட மோசமானது ஆர்மில் நடந்தது, சிவிஇ-2013-6282 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொதுப் பதிவு எண்). பழைய ஆர்மில், ஒற்றை மதிப்பைப் பயனர் மெமரியிலிருந்து எடுக்கும் கெட்_யூசர், அங்கே எழுதும் புட்_யூசர் இரண்டும் பயனர் உரிமையோடு மெமரியைத் தொடும் தனி இன்ஸ்ட்ரக்‌ஷன்களைப் பயன்படுத்தின. அதனால் கர்னல் அட்ரஸைக் கொடுத்தால் ஹார்டுவேரே தடுத்துவிடும், தனியாகச் சோதிக்க வேண்டிய அவசியம் இல்லை. வி6கே, வி7 புராசசர்களுக்கு வந்தபோது அந்தத் தனி இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் போய் சாதாரண இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் வந்தன. ஹார்டுவேர் செய்துகொண்டிருந்த காவல் வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. விளைவு, எந்தப் புரோகிராமும் கர்னல் மெமரியைப் படிக்கலாம், எழுதலாம். 3.5.5இல் திருத்திவிட்டார்கள், ஆனால் பழைய கர்னலோடு விற்ற ஆண்ட்ராய்டு போன்கள் 2013 கடைசியிலும் இதனால் அடிவாங்கிக்கொண்டிருந்தன. மற்ற புராசசர்களில் அந்தச் சோதனை கண்ணெதிரே இருந்தது. ஆர்மில் அது ஹார்டுவேருக்குள் மறைந்திருந்ததால் காணாமல் போனதே தெரியவில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

"ஒரு வரி தானே மாமா, சேர்த்துட்டா முடிஞ்சுது" என்றான் பையன். ஒரு வரிதான். ஆனால் "நாளைக்கு" என்று எழுதிய அந்தக் கமிட் செய்தியைப் பார்த்த பிறகு எனக்கு அது சரிப்படவில்லை. மூன்று கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, வரிக்கு வரி ஒப்பிட உட்கார்ந்தோம். வெளியே மழை பிடித்துவிட்டது, நவம்பர் கடலூரில் அது செய்தியே இல்லை, இன்வெர்ட்டர் ஒருமுறை முனகியது. அம்மா நிஜக் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

வித்தியாசங்கள் நான் நினைத்ததைவிட நிறைய. எல்லைச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்86 கோப்பில் அட்ரஸோடு நீளத்தைக் கூட்டி, கூட்டுத்தொகை எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்திருந்தேன். இது கல்லூரிப் பாடத்தில் தோற்க வேண்டிய தவறு: நீளத்தை மிகப் பெரிதாகக் கொடுத்தால் கூட்டல் 64 பிட்டைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாக வந்து நிற்கும், சோதனை "போகலாம்" என்று சொல்லிவிடும். ஆர்ம்64இல் இதைச் சரியாக எழுதியிருந்தேன், முதலில் நீளம் எல்லையைவிடப் பெரிதா என்று பார், பிறகு எல்லையிலிருந்து நீளத்தைக் கழித்து அதோடு அட்ரஸை ஒப்பிடு. கூட்டலே கிடையாது, சுற்றிக்கொள்ள வழியில்லை. ரிஸ்க்-ஃபைவ் எக்ஸ்86இலிருந்து நகலானது, அதே ஓட்டையோடு. ஆக பூஜ்யம் நிரப்புவதில் ரிஸ்க்-ஃபைவ் மட்டும் குற்றவாளி, கூட்டலில் எக்ஸ்86உம் சேர்ந்துகொண்டது. எந்தக் கோப்புமே முழுக்க யோக்கியம் இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விஷயத்தில் நல்ல பிள்ளை.

திருப்பித் தரும் மதிப்பு இன்னொரு கூத்து. ரிஸ்க்-ஃபைவ் எழுதிய காலத்தில் எனக்கு அந்த "மிச்ச எண்ணிக்கை" வழக்கம் எரிச்சலாக இருந்திருக்க வேண்டும், எல்லைச் சோதனை தோற்றால் நேராக மைனஸ் ஈஃபால்ட்டை ("அட்ரஸ் தப்பு" என்ற பிழை எண்) திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது தவறு என்பதுகூடப் பரவாயில்லை, ரிஸ்க்-ஃபைவுக்கென்றே எழுதிய இரண்டு டிரைவர்கள் அந்தத் தவறை நம்பி வாழ்கின்றன: திரும்பி வந்தது பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் பிழை, இல்லாவிட்டால் வெற்றி. இப்போது ஃபங்ஷனை மட்டும் சரிசெய்தால் மிச்ச எண்ணிக்கை நேர்மறை எண்ணாக வரும், அந்த டிரைவர்கள் அதைப் பார்த்து "ஆஹா, வெற்றி" என்று குதிக்கும். தப்பான அளவுகோலை வைத்துக் கட்டிய வீட்டில் அளவுகோலை மட்டும் மாற்றினால் கதவு பொருந்தாது. அழைக்கிற இடங்களை எல்லாம் தேடி எடுத்தோம், மொத்தம் 23. அதில் மதிப்பைச் சரியாகப் பார்த்தவை 14. லினக்ஸில் இந்த ஃபங்ஷனின் தலையில் ஒரு குறி போட்டிருப்பார்கள், திரும்பி வந்த மதிப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கம்பைலர் கத்தும். அதையும் அன்றே போட்டுவிட்டேன். கம்பைலர் நன்றாகவே கத்தியது.

இப்போது எப்படி ஒன்றாக்குவது என்ற கேள்வி. இதற்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, 2017இல் அல் வைரோ செய்த வேலையே வழிகாட்டி. 4.12இல் வந்தது. அவர் செய்ததன் சாரம் இது: ஒவ்வொரு புராசசரும் ரா_காப்பி_ஃப்ரம்_யூசர், ரா_காப்பி_டு_யூசர் என்று இரண்டே இரண்டைத் தந்தால் போதும். அவை எல்லையைச் சோதிக்க வேண்டாம், பூஜ்யம் நிரப்ப வேண்டாம், பாதுகாப்புச் சோதனை எதையும் கூப்பிட வேண்டாம். பைட்டுகளை நகர்த்து, ஃபால்ட் வந்தால் எத்தனை மிச்சம் என்று உண்மையைச் சொல், முடிந்தது. மற்ற எல்லாம் பொதுக்கோப்பில் ஒரே ஒரு முறை. எல்லை பார்ப்பதும் அங்கே, மிச்சத்தைப் பூஜ்யமாக்குவதும் அங்கே, ஹார்டன்ட் யூசர்காப்பி அழைப்பும் அங்கே. பூஜ்யம் நிரப்பும் வேலை பொதுவுக்குப் போனதுதான் இதில் கெட்டிக்காரத்தனம் என்பேன். அதுவரை பல புராசசர்களில் அசெம்பிளிக்குள்ளேயே, ஃபால்ட் மாற்றுப்பாதையில், ஒவ்வொரு பைட்டாக நிரப்பும் சின்னச் சின்ன லூப்கள் இருந்தன. ஃபால்ட் என்பதே அரிதாக நடப்பது, அங்கே வேகம் யாருக்கு வேண்டும்? சி மொழியில், ஓர் இடம் முழுக்க ஒரே மதிப்பை நிரப்பும் ஒரு மெம்செட் போதும்.

இன்னொரு சின்ன சோகம். அன்றைக்கு அவர் ஃப்ரவ், ஸ்கோர், மெட்டாக், டைல், பிளாக்ஃபின் என்று எல்லாப் புராசசர்களையும் விடாமல் மாற்றினார். அடுத்த வருடமே, 2018இல், 4.17 வந்தபோது அவற்றில் எட்டு வகைகளை ஆளில்லை, பயனில்லை என்று கர்னலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். வெள்ளையடித்து முடித்த மறுவருடமே இடித்த வீடு.

கெடிலத்தில் பொதுக்கோப்பு எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எக்ஸ்86இன் அடிப்பகுதி மிகச் சிறிது: கர்னல் பயனர் மெமரியைத் தவறித் தொடாமல் தடுக்கும் எஸ்மேப் பூட்டைத் திறக்க STAC, நகர்த்த ரெப் மூவ்ஸ்பி, பூட்ட CLAC. ரெப் மூவ்ஸ்பி பாதியில் ஃபால்ட் ஆனால் மிச்ச எண்ணிக்கை ஆர்சிஎக்ஸ் ரெஜிஸ்டரில் தானாகவே இருக்கும், நமக்கு வேலையே வைக்காது. ரிஸ்க்-ஃபைவில் எஸ்ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில், பயனர் மெமரியைத் தொட கர்னலுக்கு அனுமதி தரும் எஸ்யூஎம் பிட்டை ஏற்றி, நகர்த்தி, இறக்க வேண்டும். அங்கே லூப் கொஞ்சம் நீளம், ஏனென்றால் எட்டால் வகுபடாத அட்ரஸிலிருந்து எட்டு பைட் எடுக்கச் சொன்னால் சில சிப்புகள் தாங்களாகச் செய்யாமல் கீழே ஃபர்ம்வேரிடம் கெஞ்சப் போய்விடும், அவ்வளவு மெதுவாகும். அதனால் முதலில் பைட் பைட்டாகப் போய் எட்டின் எல்லையைப் பிடித்து, பிறகு எட்டு எட்டாக. இதெல்லாம் அந்தந்த சிப்பின் குணம், இதைப் பொதுவாக்க நினைப்பதே தப்பு.

மூன்றும் கம்பைல் ஆனது. எக்ஸ்86 ஓடியது. ரிஸ்க்-ஃபைவ் போர்டில் குப்பை போய் பிழை எண் வந்தது. பையன் விசிலடித்தான். ஆர்ம்64 மட்டும் படுத்துக்கொண்டது, அதுவரை சரியாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கூட "அட்ரஸ் தப்பு" என்று திரும்பி வந்தது.

இங்கே இரண்டு மணி நேரம் போனது. நடுவில் கரண்ட் போனது, வந்தது, சாப்பிட்டோம், அம்மா "ஒரு காப்பிக்கா இவ்ளோ பாடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். அசெம்பிளியை மூன்று முறை படித்தேன், எக்செப்ஷன் டேபிளைக் கையால் அச்சடித்துப் பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில் கண்டுபிடித்தவன் பையன்தான். தோற்ற அட்ரஸைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தவன், "மாமா, இதோட தலையப் பாருங்க, 5ஏன்னு ஒண்ணு உக்காந்திருக்கு" என்றான்.

நெற்றியில் அடித்துக்கொண்டேன். ஆர்ம்64இல் அட்ரஸின் மேல் எட்டு பிட்டை ஹார்டுவேர் கண்டுகொள்ளாமல் விடும்படி செய்யலாம், அந்த இடத்தில் பயனர் புரோகிராம் தனக்குப் பிடித்த அடையாளத்தை எழுதி வைத்துக்கொள்ளும். ஹார்டுவேருக்கு அது செல்லுபடியாகும் அட்ரஸ்தான். ஆனால் எண்ணாகப் பார்த்தால் எல்லையைவிட மிகப் பெரியது. பழைய ஆர்ம் கோப்பில் எல்லையைச் சோதிக்கும் முன் அந்த எட்டு பிட்டைத் துடைக்கும் வரி ஒன்று இருந்தது, பக்கத்தில் ஒரு கமென்ட்கூட இல்லாமல். ஒன்றாக்கும்போது அதைப் பார்த்தேன், மற்ற இரண்டிலும் இல்லையே, ஏதோ சோதனைக்காகப் போட்டு மறந்த வரியாக இருக்கும் என்று நானே நீக்கினேன். பூஜ்யம் நிரப்பும் வரி ரிஸ்க்-ஃபைவில் இல்லாதது விபத்து, இந்த வரி ஆர்மில் இருந்தது காரணத்தோடு. ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன: இரண்டு கோப்பு ஒருபுறம், ஒரு கோப்பு மறுபுறம். பெரும்பான்மை ஓட்டு போட்டு முடிவு செய்கிற விஷயமாக நான் அதை நடத்திவிட்டேன். முதலில் ஜெயித்தது அதிர்ஷ்டம், இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன்.

பையன் பொதுக்கோப்பிலேயே "ஆர்ம் என்றால் மட்டும்" என்று ஒரு இஃப்டெஃப் (கம்பைல் செய்யும்போதே பார்க்கும் நிபந்தனை) போட்டுவிடலாம் என்றான். வேண்டாம் என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. இன்றைக்கு ஆர்முக்கு ஒன்று, நாளைக்கு எக்ஸ்86க்கு ஒன்று, ஆறு மாதத்தில் மூன்று கோப்பும் ஒரே கோப்புக்குள் குடித்தனம் நடத்தும், அதற்கு மூன்றாகவே இருந்திருக்கலாம். அதற்குப் பதில் "அடையாளத்தைத் துடை" என்று ஒரு சின்ன ஃபங்ஷன். பொதுவில் அது ஒன்றுமே செய்யாது, ஆர்ம் தன் ஃபோல்டரில் தனக்கென ஒன்று எழுதிக்கொள்ளும். லினக்ஸிலும் ஆர்ம்64 இப்படித்தான், அடையாளத்தைத் துடைத்துவிட்டுப் பொதுவான சோதனையையே கூப்பிடுகிறது.

"நம்ம மாஹே மாதிரி" என்றான் அவன். முதலில் புரியவில்லை. அப்புறம் சிரிப்பு வந்தது. புதுச்சேரி அரசு ஒன்றுதான், ஆனால் ஊர் நான்கு. காரைக்கால் தஞ்சைப் பக்கம், மாஹே கேரளத்துக்குள், யானம் ஆந்திராவுக்குள். உத்தரவு ஒரே இடத்தில் எழுதப்படும், அது மாஹேயில் மலையாளத்திலும் யானத்தில் தெலுங்கிலும் போய்ச் சேர வேண்டும். மொழி மாறலாம், உத்தரவு மாறக்கூடாது. உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும், அரசாங்க விவகாரம் எனக்கு எதற்கு.

எல்லைகளின் எண்ணும் அப்படித்தான், வேறாகவே இருக்க வேண்டியவை. எக்ஸ்86-64இல் வழக்கமான நான்கு அடுக்கு பேஜ் டேபிளில் (எந்த பேஜ் எங்கே என்ற அட்டவணை) பயனருக்கு 128 டெராபைட், ஆர்ம்64இல் 48 பிட் வைத்தால் 256 டெராபைட், ரிஸ்க்-ஃபைவின் எஸ்வி39 என்ற பேஜ் டேபிள் முறையில் வெறும் 256 ஜிகாபைட். எக்ஸ்86இல் இன்னொரு விசித்திரமும் உண்டு: மேல் பிட்டுகள் ஒழுங்காக இல்லாத அட்ரஸைத் தொட்டால் பேஜ் ஃபால்ட் வராது, ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட் வரும். அதனால் எக்செப்ஷன் டேபிளைத் தேடுகிற வேலையை அந்த இடத்திலும் செய்ய வேண்டும். அதை அங்கேயே விட்டுவிட்டேன், இந்த முறை மேலே நாலு வரி கமென்ட்டோடு.

லினக்ஸில் ஆக்சஸ்_ஓகேயையே ஒன்றாக்க 2022 வரை ஆனது, அதற்குக் காரணம் செட்_எஃப்எஸ் என்ற பழைய பேய். இன்டெல் 386 புராசசர் காலத்தில் பயனர் மெமரியை எஃப்எஸ் என்ற செக்மென்ட் ரெஜிஸ்டர் வழியாகத் தொட்டார்கள். பிறகு அந்த ரெஜிஸ்டர் பயன்பாடு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. கர்னல் தன் சொந்த பஃபரையே பயனர் பஃபர் போலக் கொடுத்து ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டியிருந்தால், செட்_எஃப்எஸ் போட்டு எல்லையை முழுக்கத் தூக்கிவிடும், வேலை முடிந்ததும் இறக்கிவிடும். இறக்க மறந்தால்? 2010இல் சிவிஇ-2010-4258 அதுதான்: எல்லை தூக்கியிருக்கும்போதே புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) செத்தால், சாகும்போது பயனர் சொன்ன அட்ரஸில் ஒரு பூஜ்யத்தை எழுதுகிற வழக்கம் உண்டு, அந்த அட்ரஸ் கர்னலுக்குள் இருந்தாலும் தடுக்க ஆள் இல்லை. செக்போஸ்ட் கட்டையைத் தூக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போன கதை. கர்னல் டெவலப்பர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் 5.10இல் எக்ஸ்86 உள்ளிட்ட இடங்களிலிருந்து அதை அகற்றத் தொடங்கினார். இன்னொரு டெவலப்பர் ஆர்ண்ட் பெர்க்மன் 5.18இல் மிச்சமிருந்த புராசசர்களிலும் ஒழித்து, அதோடு ஆக்சஸ்_ஓகேயையும் பொதுவாக்கினார். எல்லை நகரக்கூடியதாக இருந்தவரை ஒவ்வொரு புராசசரும் அதைத் தன் தன் விதத்தில் சோதித்தது. எல்லை நிலையாக நின்ற பிறகுதான் ஒரே சோதனைக்கு வழி பிறந்தது. என் கர்னலில் நல்லவேளையாக இந்தப் பேயை நான் கூட்டிவரவே இல்லை.

பேஜ் ஃபால்ட் கையாளும் பகுதியிலும் இதே நோய்தான். 2023இல் ஸ்டாக் வளரும்போது பூட்டுப் போடுவதில் ஓட்டை தெரியவந்தபோது அதற்கும் பொதுவான ஓர் உதவி ஃபங்ஷன் எழுதி ஒவ்வொரு புராசசரையும் அதற்கு மாற்ற வேண்டியிருந்தது. என் மூன்று ஃபால்ட் கோப்புகளை நான் இன்னும் ஒப்பிடவே இல்லை, ஒப்பிடப் பயமாக இருக்கிறது.

கணக்கு கேட்பவர்களுக்கு: முன்பு மூன்று கோப்பும் சேர்த்து 912 வரி. இப்போது பொதுக்கோப்பு 164, எக்ஸ்86 48, ஆர்ம் 71, ரிஸ்க்-ஃபைவ் 103.

மாலை ஆறரைக்கு அவனை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். துவைத்த துணி காயவில்லை, ஈரத்தோடு கவரில் கட்டிக்கொண்டான். போர்டு இந்த முறை கையிலேயே. எட்டு மணிக்கு ஹாஸ்டலிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. 41 சோதனையில் 40 பச்சை, ஒன்று சிவப்பு. ஸ்ட்ரிங் நகலெடுக்கிற ஸ்ட்ரன்காப்பி_ஃப்ரம்_யூசர், அதை நாங்கள் தொடவே இல்லை, மூன்று ஃபோல்டரிலும் தனித்தனியாக அப்படியே கிடக்கிறது. கீழே, "மாமா, இது ரிஸ்க்-ஃபைவ்ல இல்ல, எக்ஸ்86ல ஃபெயில்" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்று டைப் செய்து, அழித்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்தேன்.